பணியாளர் பயிற்சி: ஆன்லைனில் வாங்குவதா, ஆளைக் கூப்பிடுவதா? குமரி மாவட்ட நிறுவனங்களுக்கு ஓர் ஒப்பீடு

"ஆட்களுக்கு டிரெய்னிங் கொடுக்கணும். ஆன்லைன்ல வாங்கிப் போட்டுடலாமா, இல்ல யாரையாவது வரச் சொல்லணுமா?" நாகர்கோவில், மார்த்தாண்டம், கன்னியாகுமரி என்று எங்கே போனாலும் சிறு நிறுவனம் நடத்துகிறவர்கள் கேட்கும் கேள்வி இது. நாற்பது படுக்கை மருத்துவமனையின் மேனேஜர் கேட்கிறார். கடற்கரைப் பக்கம் லாட்ஜ் வைத்திருப்பவர் கேட்கிறார். அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) நடத்துகிறவரும் ஜவுளிக்கடை முதலாளியும் கேட்கிறார்கள். இவர்களில் பலர் ஏற்கெனவே ஒரு தடவை ஆன்லைன் பாடம் வாங்கிப் பார்த்தவர்கள். பாதிப் பேர் முடிக்கவில்லை. முடித்தவர்களும் வேலையில் பழையபடியே இருக்கிறார்கள். அந்தச் சலிப்போடுதான் கேள்வியே வருகிறது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆன்லைன் பயிற்சியின் குறைகள் உண்மையானவை. ஆனால் நான் பார்த்தவரை அவற்றில் முக்கால்வாசி, அதைக் கொடுக்கும் விதத்தால் வருபவை. ராத்திரி வீட்டில் போய், சொந்த போனில், சொந்த டேட்டாவில் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, சந்தேகம் கேட்க ஓர் ஆளையும் வைக்காமல் விட்டால் எந்தப் பாடமும் நிற்காது. இதைச் சரிசெய்யலாம். மீதிக் கால்வாசிதான் சரிசெய்ய முடியாதது: கை பழக வேண்டிய வேலையைத் திரை பழக்கித் தராது. விலையை ஒப்பிடுவதற்கு முன்னால் இந்த இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல், கற்க வேண்டியது கையிலா, மனதிலா என்பது. ரப்பர் பால் வெட்டப் பழகும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டுமரத்தில் வெட்டு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே, ஏறத்தாழ 30 டிகிரி சரிவில் இறங்க வேண்டும். பால் நிறைய இருப்பது பட்டையின் உள்பகுதியில். அதனால் கத்தி ஆழமாகப் போக வேண்டும். ஆனால் உள்ளே இருக்கும் தடிக்கு மேல் ஒரு மில்லிமீட்டர் அளவு பட்டையை விட்டுவைக்க வேண்டும். அதைத் தாண்டினால் மரத்தில் காயம் விழும், புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பின்னால் அந்தப் பக்கத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. இத்தனையையும் ஒரு வீடியோ பத்து நிமிடத்தில் அழகாகக் காட்டிவிடும். கத்தி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது மட்டும் மணிக்கட்டுக்குத்தான் தெரியும். அதைக் கற்றுத் தர பக்கத்தில் ஒரு மூத்த வெட்டுக்காரர் நின்று "போதும், நிறுத்து" என்று சொல்ல வேண்டும். ஜி.எஸ்.டி. பில் போடுவது அப்படி இல்லை. அது திரையில் செய்யும் வேலை, திரையிலேயே கற்கலாம்.

இரண்டாவது, யாருடைய நேரம் போகிறது. அண்டி ஆபீஸில் பருப்பு உடைப்பவர்களுக்கும் தோல் நீக்குபவர்களுக்கும் கிலோக் கணக்கில்தான் கூலி. இரண்டு மணி நேரம் அவர்களை வகுப்பில் உட்கார வைத்தால், அந்த இரண்டு மணி நேரக் கூலி அவர்கள் வீட்டிலிருந்து போகிறது. அதை ஈடுகட்டாமல் எந்தப் பயிற்சி வைத்தாலும் அவர்கள் கண் கடிகாரத்தில்தான் இருக்கும். இதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

மூன்றாவது, போன், சிக்னல், கரண்ட். நாகர்கோவில் நகரத்துக்குள் பெரிய தொல்லை இல்லை. பேச்சிப்பாறை, கோதையாறு மலைப்பக்கம் கதை வேறு. நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலமும் உண்டு; ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவம் ஓய்ந்த சூட்டோடு அக்டோபரில் வடகிழக்கு வந்துவிடும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி அடித்த பிறகு ஊர் ஊராக எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பது எல்லாருக்கும் நினைவிருக்கும். அவ்வளவு பெரிய புயல் தேவையில்லை. சாதாரண மழைநாளில் ரப்பர் மரம் ஒன்று கம்பியில் சாய்ந்தாலே நேரலை வகுப்பு முடிந்தது. அப்புறம், போன் யாருடையது என்பதும் உண்டு. பல வீடுகளில் நல்ல போன் ஒன்றுதான்; மாலையில் அது பிள்ளைகள் கையில் இருக்கும்.

மொழி நான்காவது. கற்றுக்கொண்டார்களா என்று தெரிந்துகொள்ளும் வழி ஐந்தாவது. ஆறாவது, அதே பாடத்தை எத்தனை முறை திரும்ப நடத்த வேண்டியிருக்கும் என்பது. ஆள் அடிக்கடி மாறும் தொழிலில் இந்தக் கடைசிக் கேள்வியே முடிவைத் தீர்மானிக்கும்.

## வழி 1: பதிவு செய்த வீடியோ பாடம்

ஒருமுறை வாங்கினால் பலமுறை போடலாம். புரியாத இடத்தில் நிறுத்தித் திரும்பப் பார்க்கலாம். நைட் ஷிப்ட் ஆளும் பார்க்கலாம். புதிதாகச் சேர்ந்தவருக்கு அடுத்த நாளே கொடுக்கலாம். இவ்வளவும் சரி.

குறை எங்கே தொடங்குகிறது என்றால், தனியாகப் பார்ப்பதில். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து தொடங்கிய எட்எக்ஸ் தளத்தின் பாடங்களை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2019-இல் சயன்ஸ் இதழில் வந்தது. 2017-18-இல் சேர்ந்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் 3 சதவீதத்துக்குச் சற்று மேல். பணம் கட்டிச் சான்றிதழுக்குப் பதிந்தவர்களிலோ ஏறக்குறைய பாதிப் பேர் முடித்திருக்கிறார்கள். அவை தாமாக விரும்பிச் சேர்ந்தவர்களுக்கான இலவசப் பாடங்கள். நம் கடை ஊழியருக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்தக் கூடாது. ஆனாலும் ஒன்று தெளிவு: முடிப்பதால் கைக்கு ஏதோ வரும் என்று இருந்தால் முடிக்கிறார்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுகிறார்கள்.

வேலைக்கிடையே கட்டாயப்படுத்தினால் வேறு விதமாகக் கெடுகிறது. வீடியோவை ஓடவிட்டுப் போனைக் கவிழ்த்து வைப்பது, இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டுவது, ஒருவர் தேர்வை எழுதி விடைகளை வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது, எல்லாம் நடக்கும். கடைசியில் எல்லார் பெயரிலும் நூற்றுக்கு நூறு என்று சான்றிதழ் வந்து நிற்கும். மேனேஜர் அதை ஃபைலில் வைத்துவிடுவார்.

மறைந்திருக்கும் செலவுகளில் டேட்டா ஒன்று. சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேர வீடியோவுக்கு அரை ஜி.பி. அளவில் போகும். தினம் ஒன்றரை ஜி.பி. பிளான் போட்டிருப்பவருக்கு அது மூன்றில் ஒரு பங்கு. இன்னொன்று மொழி. தமிழில் இருக்கிறது என்று விற்கப்படும் பாடங்கள் பல, ஆங்கிலப் பாடத்துக்கு மெஷின் குரல் ஏற்றியவை. வாங்குமுன் உங்கள் ஊழியர் ஒருவரைப் பத்து நிமிடம் பார்க்கச் சொல்லி, என்ன புரிந்தது என்று கேளுங்கள். நீங்கள் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள்.

எங்கே இதுதான் சிறந்தது? பில்லிங் சாஃப்ட்வேர், டேலி, ஜி.எஸ்.டி. போன்றவற்றுக்கு. கூடவே பலர் யோசிக்காத ஓர் இடமும் உண்டு. கன்னியாகுமரி லாட்ஜ்களிலும் ஓட்டல்களிலும் வட மாநிலத்து ஆட்கள் நிறைய வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு சமையலறைச் சுத்தம், தீயணைப்பு பற்றி இந்தியில் சொல்லித் தரும் பயிற்சியாளர் உள்ளூரில் கிடைப்பது கஷ்டம். நல்ல இந்தி வீடியோ ஒன்று அங்கே பெரிய உதவி. தமிழ் வகுப்பில் அவர்களைப் பின்வரிசையில் உட்கார வைத்துக் கையெழுத்து மட்டும் வாங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

## வழி 2: நேரலை ஆன்லைன் வகுப்பு

ஜூமிலோ கூகுள் மீட்டிலோ ஒருவர் நேரில் பேசுவது போல நடத்துவது. கேள்வி கேட்கலாம் என்பது இதன் பெரிய பலம். ஆனால் யாரும் கேட்பதில்லை. கேமராவை அணைத்து, மைக்கை அணைத்து முப்பது பெயர்கள் திரையில் வரிசையாக இருக்கும். அந்தப் பக்கம் பயிற்சியாளர் சுவரோடு பேசிக்கொண்டிருப்பார். கூட்டம் பதினைந்து பேரைத் தாண்டினால் கேள்வி கேட்பது நின்றுவிடுகிறது என்பது என் அனுபவம்.

ஜூமின் இலவசக் கணக்கில் ஒரு கூட்டம் 40 நிமிடத்தில் தானாக முடிந்துவிடும். பலர் இதை இடைஞ்சலாக நினைத்து உடனே மறு லிங்க் அனுப்புகிறார்கள். விட்டுவிடுங்கள். நாள் முழுக்க நின்று வேலை செய்த ஒருவரால் திரையைப் பார்த்துக் கவனிக்க முடிவது அவ்வளவுதான். 40 நிமிடம் பாடம், பிறகு வேலையில் செய்து பார்ப்பது, இரண்டு நாள் கழித்து அடுத்த 40 நிமிடம் என்று பிரித்தால் ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் நடத்துவதைவிட நன்றாகப் பதிகிறது.

சில நிறுவனங்கள் எல்லாரையும் ஒரே அறையில் கூட்டி டிவியில் போடுகின்றன. நல்ல யோசனை, ஆளாளுக்கு போனும் டேட்டாவும் தேவையில்லை. ஆனால் தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் போட்ட ஷெட்டில் ஜூன், ஜூலை மழை விழுந்தால் டிவியில் யார் பேசுவதும் கேட்காது. இதைச் சின்ன விஷயமாக நினைத்து ஒரு வகுப்பு முழுவதையும் கோட்டை விட்டவர்கள் இருக்கிறார்கள். கான்கிரீட் கூரை போட்ட ஆபீஸ் ரூம் எதுவோ அதில் வையுங்கள், இடம் போதாவிட்டால் இரண்டு பேட்ச் ஆக்குங்கள். இன்னொரு போனைக் கேள்வி கேட்பதற்கான மைக்காகக் கைமாற்றி அனுப்புங்கள்.

இந்த வழி சிறப்பது பேச்சுப் பயிற்சியில். லாட்ஜ் வரவேற்பில் நிற்பவர்களுக்கு ஆங்கிலமும் இந்தியும் வேண்டும். தினம் 40 நிமிடம், ஆறு பேர் மட்டும், மாறி மாறிப் பேச வைப்பது. அதற்கு வெளியூர் ஆசிரியர் திரையில் வந்தாலே போதும்.

## வழி 3: பயிற்சியாளரை வரவழைப்பது, அல்லது ஆட்களை அனுப்புவது

கை பழக வேண்டியதற்கு இதுதான் வழி. மார்த்தாண்டம் பக்கம் ஒரு மருத்துவமனையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். நர்ஸ்கள் எல்லாரும் சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி மூச்சுக் கொடுப்பது) பாடத்தை ஆன்லைனில் முடித்திருந்தார்கள், தேர்விலும் நல்ல மதிப்பெண். 30 முறை அழுத்தி 2 முறை மூச்சு, நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் குறைந்தது 5 சென்டிமீட்டர், 6-ஐத் தாண்டக் கூடாது. கேட்டால் எல்லாரும் தடங்கலில்லாமல் சொன்னார்கள். பிறகு பொம்மையைத் தரையில் வைத்தார்கள். முதலில் வந்த சிஸ்டரின் முழங்கை மடங்கியது. அழுத்தம் தோளிலிருந்து இறங்காமல் கையோடு நின்றது. ஆழம் வந்ததைக் காட்டும் 'க்ளிக்' சத்தம் வரவே இல்லை. அடுத்தவருக்கு ஆழம் வந்தது, ஆனால் நெஞ்சு மேலே எழும்ப விடாமல் அடுத்த அழுத்தத்தைப் போட்டுக்கொண்டே போனார். பயிற்சியாளர் அவர் தோளைப் பிடித்து முன்னால் சாய்த்து, "கையை நீட்டுங்க சிஸ்டர், உடம்பு வெயிட்டை இறக்குங்க" என்றார். நாலாவது அழுத்தத்தில் க்ளிக் வந்தது. அந்தத் தோளைத் தொட்டுத் திருத்தியது எந்த வீடியோவிலும் கிடைக்காது.

தீயணைப்புக் கருவியின் பின்னை இழுத்து அடிப்பது, நோயாளியைக் கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற்றுவது, முந்திரிப் பருப்பைத் தரம் பிரிப்பது எல்லாம் இந்த வகைதான். டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 முழுப் பருப்பு, டபிள்யூ 240 என்றால் 220 முதல் 240. இதை எழுதி வைத்துக்கொள்ளலாம். ஓடும் கைக்கு முன்னால் குவிந்த பருப்பில் எது எந்தத் தரம் என்று பார்த்தவுடன் பிரிப்பது, பல வருடம் செய்த அக்கா ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் வரும். இதற்கு வெளியாள் வேண்டியதே இல்லை. உங்கள் ஆபீஸில் இருக்கும் அந்த அக்காதான் பயிற்சியாளர். கற்றுக்கொடுக்கும் நாளில் அவருடைய கிலோ குறையும், அதற்கான கூலியையும் அதற்கு மேல் கொஞ்சமும் கொடுத்துவிடுங்கள்.

பெண்கள் பணியிடப் பாதுகாப்பு பற்றிய வகுப்பையும் நான் இந்த வரிசையில்தான் வைப்பேன். பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும், விழிப்புணர்வு நிகழ்ச்சிகளும் நடத்த வேண்டும். இதை வீடியோவாகப் போட்டுக் கணக்கு முடிப்பவர்கள் உண்டு. சட்டத்தில் என்ன இருக்கிறது என்பதை வீடியோ சொல்லும். "எனக்கு இப்படி நடக்குது" என்று ஒரு பெண் வாய் திறக்க, சூப்பர்வைசர் இல்லாத ஓர் அறையும், நம்பிப் பேசக்கூடிய ஒரு வெளிப் பெண்ணும் வேண்டும்.

இதன் குறைகள்: பயிற்சியாளர் பெரும்பாலும் திருவனந்தபுரத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ வருவார். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 70 கிலோமீட்டர்தான்; மார்த்தாண்டம், களியக்காவிளை நெரிசலில் அது காலைப்பொழுதையே விழுங்கிவிடும். மதுரை ஏறத்தாழ 240 கிலோமீட்டர், தங்கும் செலவும் சேரும். ஒருநாள் வந்தவர் எட்டு மணி நேரத்தில் எல்லாவற்றையும் திணித்துவிட்டுப் போவார். அன்று லீவு போட்டவருக்கு ஒன்றுமில்லை, அடுத்த மாதம் சேர்ந்தவருக்கும் ஒன்றுமில்லை.

## வழி 4: கலப்பு

அறிய வேண்டியதைத் திரையில், செய்ய வேண்டியதை நேரில். அமெரிக்கக் கல்வித் துறை 2010-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு ஒன்று, நேரடி வகுப்பு மட்டும் நடத்தியதைவிட ஆன்லைனையும் நேரடியையும் கலந்தது நல்ல பலன் தந்ததாகச் சொன்னது. அதே அறிக்கை இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறது: கலப்பு வகுப்புகளில் கற்க அதிக நேரமும் கூடுதல் பயிற்சிகளும் இருந்தன, பலனுக்கு அவையும் காரணமாக இருக்கலாம். இந்த இரண்டாவது பகுதியைத்தான் நம்மில் பலர் விட்டுவிடுகிறோம். கலப்பு என்று பெயர் வைத்து நேரத்தைக் குறைத்தால் எந்த வழியும் பலிக்காது.

மருத்துவக் கழிவுப் பயிற்சி இதற்கு நல்ல உதாரணம். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி ஊழியர் சேரும்போதும், அதன் பிறகு வருடத்துக்கு ஒருமுறையாவதும் இந்தப் பயிற்சி தர வேண்டும். வருடா வருடம் ஆள் கூப்பிட்டு நாள் முழுக்க நடத்த எந்தச் சிறு மருத்துவமனையாலும் முடியாது. இருபது நிமிட வீடியோவை டூட்டி மாறும் நேரத்தில் போடுங்கள். முடிந்ததும் மேஜையில் நாலு நிறத் தொட்டியை வைத்து, கையுறை போட வைத்து, பயன்படுத்தாத பொருட்களை ஒவ்வொன்றாகக் கொடுங்கள். ரத்தத்தில் நனைந்த பஞ்சு மஞ்சளுக்கு, ஐ.வி. செட் சிவப்புக்கு, ஊசி வெள்ளைக்கு, கண்ணாடி மருந்துக்குப்பி நீலத்துக்கு. யார் தயங்குகிறார்கள் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஓட்டல்களுக்கும் இதே முறை பொருந்தும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபோஸ்டாக் என்ற பயிற்சித் திட்டம் 25 உணவு கையாளும் ஊழியர்களுக்கு ஒருவர் என்ற கணக்கில் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளரைக் கேட்கிறது. அந்த ஒருவரை நன்றாகப் படிக்க வையுங்கள். மற்றவர்களுக்கு அவரே பயிற்சியாளர்; வீடியோ அவருக்குத் துணை.

கலப்பின் மறைந்த செலவு, அதை நடத்த உள்ளே ஓர் ஆள் வேண்டும் என்பது. பட்டியல் போடுவது, அறையைப் பிடிப்பது, விட்டுப்போனவர்களைத் திரும்ப அழைப்பது. இதை ஏற்கெனவே மூச்சு முட்டும் வேலையில் இருக்கும் ஆபீஸ் பெண்ணின் தலையில் கட்டினால் இரண்டு மாதத்தில் படுத்துவிடும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பதிவு வீடியோ | நேரலை | நேரடி | கலப்பு |
|---|---|---|---|---|
| கைவேலை | உதவாது | உதவாது | மிக நன்று | நன்று |
| விவரம், விதிமுறை | நன்று | நன்று | நன்று, ஆனால் செலவு | மிக நன்று |
| கேள்வி கேட்க வசதி | இல்லை | சிறு குழுவில் மட்டும் | உண்டு | உண்டு |
| மழை, கரண்ட், சிக்னல் | முன்பே இறக்கி வைத்தால் பரவாயில்லை | அதிகம் பாதிக்கும் | பாதிப்பு குறைவு | சமாளிக்கலாம் |
| புதிதாகச் சேர்பவர் | உடனே தொடங்கலாம் | அடுத்த வகுப்புவரை காத்திருக்கணும் | அடுத்த வருகைவரை காத்திருக்கணும் | பாதியை உடனே தொடங்கலாம் |
| கண்ணில் படாத செலவு | முடிக்காதவர்கள், டேட்டா | வீணாகும் நேரம் | பயணம், ஒருநாள் உற்பத்தி | நடத்தும் ஆள் |

## கூலியையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால்

இங்கே வரும் தொகைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் தொகையை உள்ளே போட்டுக்கொள்ளுங்கள். 20 பேர், எட்டு மணி நேரத்துக்கு 600 ரூபாய் கூலி, அதாவது மணிக்கு 75.

ஆன்லைன் பாடம் ஆளுக்கு 300 ரூபாய், ஆறு மணி நேரம். பாடத்துக்கு 6,000, வேலை நேரத்தில் பார்க்க விட்டால் கூலி 9,000, மொத்தம் 15,000. உண்மையில் கற்றுக்கொண்டவர்கள் 10 பேர் என்றால் ஆளுக்கு 1,500 ஆகிறது.

பயிற்சியாளர் ஒருநாள் வருகிறார். கட்டணம் 8,000, பயணம் 2,000, சாப்பாடு டீ 2,000, 20 பேரின் ஒருநாள் கூலி 12,000, மொத்தம் 24,000. 18 பேர் கற்றுக்கொண்டால் ஆளுக்கு ஏறக்குறைய 1,330.

கூலியைச் சேர்க்காத விலைப்பட்டியலில் இரண்டு மடங்கு விலை போலத் தெரிந்தது, கற்ற ஆள் ஒருவருக்கு என்று பார்த்தால் சற்று மலிவாகிறது. மாறாக, ஆன்லைனில் 16 பேரை முடிக்க வைத்துவிட்டால் ஆளுக்கு 940 ரூபாய்க்குள் வந்துவிடும், அப்போது ஆன்லைன்தான் லாபம். ஆகவே முடிக்க வைப்பதற்குச் செலவிடும் நேரமும் பணமும் வீண் அல்ல.

"வீட்டில் பாருங்கள் என்று சொல்லிவிட்டால் 9,000 மிச்சம்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தத் தொகை எங்கேயும் மிச்சமாகவில்லை. ஊழியரின் தூக்கத்திலிருந்தும் பிள்ளைகளோடு இருக்கும் நேரத்திலிருந்தும் எடுக்கப்படுகிறது. காலை பஸ் பிடித்து வந்து மாலை பஸ் பிடித்துத் திரும்பும் பெண்ணுக்கு வீட்டில் இரண்டாவது ஷிப்ட் காத்திருக்கிறது. அவர் ராத்திரி பத்து மணிக்கு வீடியோ பார்க்கவில்லை என்று புகார் சொல்வது நியாயமே இல்லை.

## ஆன்லைனைத் தேர்ந்தெடுத்தவர்கள் செய்ய வேண்டியவை

வேலை நேரத்துக்குள் வையுங்கள், கூலியோடு. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஓர் அறையும் ஒரு பழைய டேப் அல்லது டிவியும் ஒதுக்குங்கள். வீடியோவை முந்தின நாளே இறக்கி வைத்தால் சிக்னல் போனாலும் கவலையில்லை. வாரத்தில் ஒருநாள் அரை மணி நேரம் சந்தேகம் கேட்க ஓர் ஆள் அங்கே உட்காரட்டும். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கத் தேவையில்லை, கேள்வியை எழுதி வாங்கிப் பதில் கொண்டுவந்தால் போதும்.

ஆன்லைன் தேர்வை நம்பாதீர்கள். மறுநாள் வேலையிடத்தில் மூன்று கேள்வி கேளுங்கள், ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை கேளுங்கள். படித்தது எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்பதை உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இலேயே தன்னை வைத்தே சோதித்து எழுதியிருக்கிறார். ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து சொல்லிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. அதனால் கேள்வி கேட்பதே பயிற்சியின் ஒரு பகுதி. அதைத் தண்டனை போல ஆக்கிவிட்டால் மட்டும் எல்லாம் கெட்டுப்போகும். பதில் தெரியாதவரை எல்லார் முன்னாலும் நிறுத்தாதீர்கள்.

## எப்போது வைப்பது

கன்னியாகுமரி ஓட்டல்காரர்களுக்கு ஐயப்ப சீசன் தொடங்கும் நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரையும், கோடை விடுமுறையிலும் எந்தப் பயிற்சியும் வேண்டாம். ஆட்களுக்குச் சாப்பிடவே நேரம் இருக்காது. செப்டம்பர், அக்டோபரில் முடித்துவிடுங்கள்.

மீன்பிடித் துறைமுகங்களைச் சார்ந்த ஐஸ் பிளான்ட், மீன் ஷெட், போட் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்களுக்கு இயற்கையாகவே ஓர் இடைவெளி இருக்கிறது. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. வருமானம் இல்லாத அந்த நாட்களில் பயிற்சிக்குக் கூலி கொடுத்தால் ஆட்கள் மனதார வருவார்கள். ரப்பர் தோட்டங்களில் மழையால் வெட்டு நிற்கும் நாட்களும் அப்படித்தான்.

## பணம் கட்டுமுன் விற்பவரிடம் கேளுங்கள்

வீடியோவை இறக்கி வைத்து இணையம் இல்லாமல் போட முடியுமா? வேலையை விட்டுப் போனவரின் இடத்தில் புதியவரைச் சேர்க்க மறுபடி பணம் கேட்பார்களா? யார் எவ்வளவு பார்த்தார் என்ற விவரம் உங்களுக்கு வருமா? தமிழ்க் குரல் மனிதர் பேசியதா?

கடைசியாக ஒன்று, ஊழியர் சார்பில். சான்றிதழ் அவர் பெயரில், அவர் கையில் கிடைக்க வேண்டும். சில இடங்களில் சான்றிதழ் நிறுவனத்தின் லாகினுக்குள்ளேயே கிடக்கிறது. ஆள் வேலையை விட்ட நாளில் அந்தக் கணக்கை மூடிவிடுகிறார்கள், சான்றிதழும் போய்விடுகிறது. நம் மாவட்டத்து நர்ஸ்களும் ஓட்டல் ஊழியர்களும் அடுத்த வேலைக்கு வளைகுடாவுக்கோ வேறு ஊருக்கோ போகும்போது காட்ட வேண்டிய காகிதம் அது. பாடம் முடிந்த அன்றே பி.டி.எஃப். ஆக அவருடைய சொந்த எண்ணுக்கு அனுப்பச் சொல்லி, அதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.